தண்ணீருக்குள் குகை: கூட்டிப்போகிறவன்தான் மறுக்க வேண்டும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு விரலால் தட்டித் தட்டி மூன்று நாளாக எழுதினேன். வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. நீலத் தண்ணீர், பாறையில் ஒரு பொந்து. முதுகில் சிலிண்டர் கட்டிய ஒரு பெண்ணும் பையனும் கையைக் கோத்துக்கொண்டு அந்தப் பொந்துக்குள் போகிறார்கள். உள்ளே இருட்டு, டார்ச் வெளிச்சம், பின்னால் பாட்டு. கீழே, நீச்சல் தெரிய வேண்டாம், பயிற்சி வேண்டாம், பயம் வேண்டாம், நாங்கள் அழைத்துப் போகிறோம் என்று எழுதியிருந்தது. அக்கா பேரனுக்குத் தை மாசம் கல்யாணம். அவன் அதைப் போட்டுவிட்டு, "சின்னப் பாட்டி, ஹனிமூனுக்கு இதுதான்" என்று எழுதியிருந்தான். எத்தனை இதயம்! நான் ஒருத்திதான் "வேண்டாம்பா" என்று போட்டேன். உடனே ஆளாளுக்கு, பாட்டிக்கு பயம், டீச்சர் அந்தக் காலத்து ஆள் என்று ஆரம்பித்துவிட்டீர்கள்.

அதையே என் பக்கத்திலும் போட்டேன். அங்கே நம் குப்பத்துப் பையன் ஒருவன் பதில் எழுதினான். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், இப்போது வெளிநாட்டில் ஒரு தீவில் டைவிங் கைடாக இருக்கிறான். "டீச்சர், நீங்க பயப்படாதீங்க. தெரியாதவங்களைத் தனியா விடமாட்டோம். நாங்க கூடவே இருப்போம். வெளிச்சம் தெரியற வரைக்கும்தான் கூட்டிட்டுப் போவோம்" என்றான். மரியாதையாகத்தான் எழுதியிருந்தான், நல்ல பையன். ஆனால் அந்த "நாங்க கூடவே இருப்போம்" என்ற வார்த்தையைப் படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அதற்குக் காரணம் குகை இல்லை, நம் ஏரி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடலில் இறங்குவதே தப்பு என்று சொல்கிற கிழவி இல்லை நான். காட்டுப்பள்ளியிலும் பழவேற்காட்டைச் சுற்றியும் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். வகுப்பில் பாதிப் பேர் எனக்கு முன்னால் தண்ணீரில் பிறந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். இருளர் வீட்டுப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் பறியை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பதைக் கரையில் நின்று எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் விரலால் பார்க்கிற கலை அது. பயிற்சி எடுத்துக்கொண்டு, கடலில் இறங்கி, மீனையும் பவளத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். எனக்கு வயது இருந்தால் நானே வந்திருப்பேன். நான் வேண்டாம் என்பது ஒன்றே ஒன்றுதான். தலைக்கு மேல் பாறை இருக்கும் தண்ணீருக்குள் பழக்கமில்லாத ஆளைக் கூப்பிடுவது. அதைவிட, காசு வாங்கிக்கொண்டு அதற்கு விளம்பரம் செய்வது.

இனி ஏரிக் கதை. நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாது.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ், ஞாயிற்றுக்கிழமை. பழவேற்காட்டுக்குச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு குடும்பமும் உறவினர்களும் மீன்பிடிப் படகில் ஏறினார்கள். படகு கவிழ்ந்தது. 22 பேர் செத்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. உயிர்காக்கும் சட்டை இல்லை. ஒரே சொந்தத்தில் 22 பேர் என்றால் என்ன என்று நினைத்துப் பாருங்கள். ஒரு கல்யாணப் பத்திரிகையில் போடும் பெயர்கள் அத்தனையும்.

அந்த வருஷம் தீபாவளி லீவுக்கு என் வீட்டுக்காரரின் தங்கை குடும்பம் வந்திருந்தது. அவர்களை ஏரியில் படகில் அனுப்பியவள் நான். என்னிடம் படித்த பையனின் படகு. பையன் கெட்டிக்காரன், கண்ணைக் கட்டிவிட்டாலும் முகத்துவாரத்தைத் தாண்டிவிடுவான். "டீச்சர் வீட்டு ஆளுங்க, பத்திரமா பார்த்துக்கறேன்" என்றான். நானும் "மீன் கிடைக்காத நாளில் இது நல்ல வருமானம்தாண்டா, ஞாயிற்றுக்கிழமை தோறும் ஓட்டு" என்று தட்டிக்கொடுத்தேன். பத்துப் பேரும் திரும்பி வந்தார்கள், மீன் குழம்பு சாப்பிட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து அந்த டிசம்பர் 25. அந்தப் படகு வேறு, ஆள் வேறு. ஆனால் நான் தட்டிக்கொடுத்தது அதே வேலையைத்தான். இத்தனை வருஷமாக இதை எங்கும் சொன்னதில்லை.

அதன்பிறகு நான் நிறைய யோசித்தேன். நம் ஆட்களுக்கா படகு ஓட்டத் தெரியாது? முகத்துவாரத்தில் மணல்மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஏரித் தண்ணீர் வெளியே போகும், கடல் தண்ணீர் உள்ளே வரும், இரண்டும் மோதும் இடத்தில் அலை எங்கே எழும்பும் என்று சொல்ல முடியாது. அதையெல்லாம் படித்தவர்கள் நம் ஆட்கள். ஆனால் அந்தத் திறமை எதற்குப் பழகியது? மூன்று நான்கு பேரும் வலையும் இருக்கிற படகுக்கு. அந்த மூன்று பேருக்கும் அலை வந்தால் எப்படி உட்கார வேண்டும், எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று உடம்புக்கே தெரியும். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மடியில் குழந்தையோடு, வாழ்க்கையில் முதல் தடவையாகப் படகில் ஏறியவர்களுக்கு என்ன தெரியும்? ஓர் ஆட்டம் ஆடினால் பயத்தில் எல்லோரும் எழுந்து ஒரே பக்கம் போவார்கள். 2009-இல் தேக்கடியில் 45 பேர் செத்தபோதும் இந்தப் பேச்சுத்தான் அடிபட்டது, கூட்டம் ஒரு பக்கமாக நகர்ந்தது என்று. 2023 மே 7 அன்று கேரளத்தில் தானூரில் மறுபடியும் 22 பேர், பெரும்பாலும் பிள்ளைகள். மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி ஓட்டியிருக்கிறார்கள்.

ஓட்டுகிறவனின் திறமை ஏறி உட்கார்ந்தவனுக்கு ஒட்டாது. காசு கொடுத்து அதை வாங்கவும் முடியாது. நீ எழுதிய "நாங்க கூடவே இருப்போம்" என்பதற்கு என் பதில் இதுதான் தம்பி. படகிலாவது கவிழ்ந்தால் தலைக்கு மேல் ஆகாயம் இருக்கிறது. தத்தளித்தாவது மேலே வரலாம், பக்கத்துப் படகுக்காரன் முடியைப் பிடித்துத் தூக்கலாம். குகைக்குள் ஆகாயம் இல்லை.

ஸ்கூபாவுக்கு முதலில் தரும் பயிற்சி எல்லாமே ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: ஏதாவது ஆனால் மேலே போகலாம். ஒரு நாள் அனுபவத்துக்காக இறங்குகிற ஆளை 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப்போகக் கூடாது என்று அந்தத் தொழிலிலேயே விதி வைத்திருக்கிறார்கள். அதுவும் திறந்த தண்ணீரில். ஏன்? மேலே வர வழி இருக்க வேண்டும் என்பதற்காக. இதெல்லாம் நான் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டும் என்று இல்லை. உன் பரீட்சையில் முதல் பாடமே இதுவாகத்தான் இருந்திருக்கும்.

நம் தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக 1961-இல் அங்கே முத்துக்குளிப்பு நடந்தது. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து இறங்குவார்கள். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கயிறு ஆடினால் இழுக்க வேண்டும், ஒரு நொடி தாமதித்தாலும் கதை முடிந்தது. அதனால் கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று சொல்வார்கள். தங்கச்சி தாலிக்காகவாவது கவனமாக இருப்பான் இல்லையா. சிரிப்பாக இருந்தாலும், பரம்பரை பரம்பரையாக மூச்சடக்கப் பழகியவனே கயிறும் மச்சானும் இல்லாமல் இறங்கவில்லை. அவனுக்கும் மேலே நேராக ஆகாயம்தான். குகைக்குள் அந்தக் கயிற்றை நேராக மேலே இழுக்க முடியாது. வந்த வழியே வளைந்து நெளிந்து திரும்ப வேண்டும்.

அடுத்தது சேறு. நம் ஏரியில் காலை வைத்தால் என்ன ஆகும் என்று தெரியுமே, கலங்கிவிடும். குகைத் தரையில் வருஷக்கணக்காக அசையாமல் படிந்த தூசிச் சேறு கிடக்கும். பழகாதவன் காலில் மாட்டிய துடுப்பை இரண்டு தரம் கீழ்நோக்கி அடித்தால் போதும், பளிங்கு மாதிரி இருந்த தண்ணீர் டீ மாதிரி ஆகிவிடும். டார்ச் அடித்தால் சேறுதான் மின்னும். "வெளிச்சம் தெரியற வரைக்கும்தான்" என்றாயே, அந்த வெளிச்சம் அப்போது எங்கே போகும்? வாசல் பத்தடி தூரத்தில் இருந்தாலும் எந்தப் பக்கம் என்று தெரியாது.

மூன்றாவது காற்று. ஒரு சின்னக் கணக்கு போடுவோம், பழக்கம் விடவில்லை எனக்கு. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அதனால் அங்கே ஒரு மூச்சுக்கு இரண்டு மூச்சுக் காற்று செலவாகும். இருபது மீட்டரில் மூன்று மடங்கு. குகைக்குள் போகப் பயிற்சி பெற்றவர்கள் மூன்றில் ஒரு பங்கு என்று விதி வைத்திருக்கிறார்கள். சிலிண்டரில் 210 அளவு காற்று இருந்தால், 70 செலவானதும் திரும்பிவிட வேண்டும். திரும்பி வர 70. மீதி 70 எதற்கு? உள்ளே கடைசித் தூரத்தில் இருக்கும்போது கூட வந்தவனின் காற்று நின்றுவிட்டால், என் சிலிண்டரில் இருக்கும் 140-ஐ இரண்டு பேரும் பங்கிட்டு ஆளுக்கு 70-இல் வெளியே வந்துவிடலாம். சரியா? இப்போது கூட வந்தவன் பழக்கமில்லாதவன். இருட்டில் பயந்து இரண்டு மடங்கு மூச்சு வாங்குகிறான். எனக்கு 70, அவனுக்கு 140, மொத்தம் 210 வேண்டும். கையில் இருப்பது 140. நாலாங்கிளாஸ் கழித்தல்தான். மீதி 70-க்கு எந்தக் கடையில் போய் வாங்குவாய் தம்பி?

இந்த விதியெல்லாம் சும்மா உட்கார்ந்து எழுதியது இல்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் ஊற்றுக் குகைகள் நிறைய. அங்கே மூழ்கிச் செத்தவர்களின் கதையை ஒவ்வொன்றாக ஆராய்ந்து ஷெக் எக்ஸ்லி என்பவர் 1979-இல் ஒரு சிறு புத்தகம் எழுதினார். செத்தவர்கள் எதை விட்டார்கள் என்று பார்த்து அதையே விதியாக்கினார். வாசலிலிருந்து அறுபடாத கயிறு, திரும்புவதற்கு மூன்றில் இரண்டு பங்கு காற்று, ஆழத்துக்கு வரம்பு, ஆளுக்கு மூன்று விளக்கு. எல்லாவற்றுக்கும் மேலாகக் குகைக்கென்றே தனிப் பயிற்சி வேண்டும் என்பது பின்னால் சேர்ந்த விதி. அப்படி எழுதியவரே 1994-இல் மெக்சிகோவில் ஓர் ஆழமான நீர்ப்பள்ளத்தில் இறங்கி, திரும்பவில்லை. அவ்வளவு தெரிந்தவருக்கே அந்தக் கதி.

அந்தக் குகைகளின் வாசலில் தண்ணீருக்குள்ளேயே ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். கையில் அரிவாளோடு எமன் படம். இந்த மாதிரிக் குகைகளில் 300 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள், அதில் ஸ்கூபா சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களும் உண்டு, இதற்கு மேல் போகாதே என்று எழுதியிருக்கும். அந்த ஆசிரியர்களுக்குக் கடல் தெரியும், குகை தெரியாது. எனக்குத் தமிழ்ப் பாடம் நடத்தத் தெரியும், அதற்காக ஆபரேஷன் செய்யட்டுமா? ஆசிரியருக்கே எமன் பலகை. நம் பேரனுக்கு ஆறு வினாடிக்கு ஒரு இதயம்.

தாய்லாந்துக் குகை எல்லோருக்கும் நினைவிருக்கும். 2018 ஜூன் 23, தாம் லுவாங் குகைக்குள் 12 பிள்ளைகளும் அவர்களுடைய கோச்சும் மாட்டிக்கொண்டார்கள். மழை வெள்ளம் வழியை அடைத்துவிட்டது. ஜூலை 2-ஆம் தேதி கண்டுபிடித்தார்கள். வெளியே எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று கவனித்தீர்களா? உலகத்திலேயே பெரிய குகை முக்குளிப்பாளர்கள் அங்கே வந்திருந்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஒருவர் என்று கூடவே இருந்தார்கள். நீ சொல்கிறாயே, கூடவே இருப்போம் என்று, அதைவிடக் கூட யாராலும் இருக்க முடியாது. அப்படியும் அவர்கள் பிள்ளைகளை விழித்த நிலையில் கொண்டுவரத் துணியவில்லை. பயத்தில் முகமூடியைப் பிடுங்கினால் பிள்ளையும் போகும், கூட வருகிறவனும் போவான் என்றார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மயக்க மருந்து டாக்டர் ரிச்சர்ட் ஹாரிஸ், அவரும் குகை முக்குளிப்பாளர்தான், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊசி போட்டு மயக்கமாக்கினார். அப்புறம்தான் மூட்டை மாதிரித் தூக்கி வந்தார்கள். பயிற்சி இல்லாத ஆளை மூழ்கிய குகை வழியாகக் கொண்டுபோக உலகத்தின் தலைசிறந்தவர்கள் கண்ட வழி மயக்க ஊசி. வீடியோவில் அந்தப் பெண் கையை ஆட்டிச் சிரிக்கிறாள்.

அதே குகையில் ஜூலை 6-ஆம் தேதி சமான் குணான் என்ற முன்னாள் தாய்லாந்து கடற்படை வீரர் இறந்தார். உள்ளே காற்று சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பும்போது அவருடைய காற்றே தீர்ந்துவிட்டது. "என் உயிர், என் காசு, உங்களுக்கு என்ன" என்று எழுதிய என் பழைய மாணவியிடம் கேட்கிறேன் பாப்பா, நீ உள்ளே மாட்டிக்கொண்டால் தேடி வருகிறவன் உயிர் யாருடையது? அந்தப் பிள்ளைகளாவது தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள். நீ டிக்கெட் வாங்கி மாட்டிக்கொள்ளப் போகிறாய்.

"அவங்க ஆசைப்பட்டுக் கேக்கறாங்க டீச்சர், கையெழுத்தும் போட்டுத் தர்றாங்க" என்று தம்பி இன்னொரு பதிலும் போட்டிருந்தான். எனக்கு ரொம்பக் கோபம் வந்தது இதைப் படித்துத்தான். கேட்கிறவனுக்கு என்ன தெரியும்? சேறு தெரியாது, மூன்றில் ஒரு பங்கு தெரியாது, எமன் பலகை தெரியாது. தெரியாத ஒன்றுக்கு ஒருவன் சம்மதிக்கவே முடியாது. அவன் போடுவது கையெழுத்து இல்லை, கைநாட்டு. முந்தைய தலைமுறையில் நம் குப்பத்து ஆட்களிடம் கந்துவட்டிக்காரன் வாங்கிய கைநாட்டு மாதிரி. தெரிந்தவன் நீ ஒருவன்தான் அங்கே இருக்கிறாய். அப்போது மறுக்க வேண்டியவனும் நீதான். நான் வகுப்பில் இருந்தபோது பையன்கள் ஏரிக்குப் போகலாம் டீச்சர் என்று கேட்காத நாள் இல்லை. முப்பது பேர் ஆசைப்பட்டுக் கேட்டார்கள் என்று கூட்டிப்போயிருந்தால் என்னை யார் மன்னிப்பார்கள்?

எதிர்ப் பக்கத்தையும் சொல்கிறேன், நியாயம் வேண்டுமே. மெக்சிகோவில் குகைக் குளங்கள் இருக்கின்றன. அங்கே குகைப் பயிற்சி இல்லாத சுற்றுலா ஆட்களையும் கொஞ்ச தூரம் உள்ளே கூட்டிப்போகிறார்கள், வருஷக்கணக்காக நடக்கிறது. ஆனால் அவர்கள் ஸ்கூபா சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். கூட்டிப்போகிறவர் முழுக் குகைப் பயிற்சி பெற்றவர். நாலு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, வழியெல்லாம் நிரந்தரக் கயிறு கட்டியிருக்கிறது, பகல் வெளிச்சத்தைத் தாண்டுவதில்லை. இது சரியா என்று உட்கார்ந்து வாதாடலாம், எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. ஆனால் நம் குரூப்பில் வந்த வீடியோ அது இல்லை. "நீச்சல் தெரிய வேண்டாம்" என்று எழுதியவனோடு வாதாட ஒன்றும் இல்லை.

ரோட்டில் இதைவிட அதிகம் பேர் சாகிறார்கள் என்று மருமகன் ஒருவர் எழுதினார். மாப்பிள்ளை, ரோட்டில் தினமும் கோடிக்கணக்கில் ஆள் போகிறார்கள். குகைக்குள் எத்தனை பேர்? அதுவும் லைசென்ஸ் இல்லாதவனிடம் லாரியைக் கொடுத்து ஓட்டு என்று யாரும் விளம்பரம் செய்வதில்லை.

பிழைப்பைப் பற்றி மட்டும் என்னால் சுலபமாகப் பேச முடியவில்லை. பழவேற்காட்டில் 2011-க்குப் பிறகு சவாரிக்குத் தடை போட்டார்கள். தடை இருக்கும்போதே படகு ஓடியதும் ஊரறிந்ததுதான். ஏன் ஓட்டினார்கள்? ஏரி மேடேறிப் போச்சு, துறைமுகங்கள் வந்து கரை மாறிப் போச்சு, பாடு முறையில் தன் முறை வருகிற நாளில்கூட வலை காலியாக வருகிறது. ஞாயிற்றுக்கிழமைச் சவாரியில் கிடைக்கும் காசில்தான் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுகிறார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வராது. தம்பி, உன் சம்பளத்தில்தான் உன் அம்மா ஓலை வீட்டை மாற்றி ஒட்டுவீடு கட்டினாள், எனக்குத் தெரியும். முதலாளியிடம் நீ போய் "இவரைக் கூட்டிப்போக மாட்டேன்" என்றால் மறுநாள் வேறொருத்தனை வைத்துக்கொள்வான், அதுவும் தெரியும். அதனால்தான் கடைக்காரன் விளம்பரத்தையே எடுக்க வேண்டும், கடைக்கு அனுமதி கொடுக்கிறவர்கள் கேட்க வேண்டும் என்கிறேன். கைடு தலையில் மட்டும் போட்டால் பசிக்கு முன்னால் அவன் தோற்றுத்தான் போவான். ஆனால் அந்த 25-ஆம் தேதிக்குப் பிறகு, நான் தட்டிக்கொடுத்த பையன் சுற்றுலா ஆட்களை ஏற்றவே இல்லை. இன்றைக்கும் நண்டு வலைதான். குறைந்த காசுதான். என்னைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிறான், அல்லது நான் ஒதுங்குகிறேன், எது என்று தெரியவில்லை.

நேற்று அக்கா பேரனை உட்கார வைத்து அந்தக் கடைக்கு என் முன்னாலேயே போன் போடச் சொன்னேன். மூன்றே கேள்வி. குகைக்குள் எங்களைக் கூட்டிப்போகிறவருக்குக் குகைப் பயிற்சி சான்றிதழ் இருக்கிறதா? வாசலிலிருந்து கயிறு கட்டியிருக்கிறதா? எங்கள் இரண்டு பேருக்கும் எந்தப் பயிற்சியும் இல்லை என்று தெரிந்தும் ஏன் கூப்பிடுகிறீர்கள்? முதல் கேள்விக்கு "அனுபவம் இருக்கிறது சார்" என்றான். இரண்டாவதற்கு "அதெல்லாம் தேவைப்படாது" என்றான். மூன்றாவதைக் கேட்டதும் தள்ளுபடி தருவதாகச் சொன்னான். பேரன் முகம் சுருங்கிப் போச்சு. கல்யாணப் பெண் பக்கத்தில் இருந்தாள், அவள்தான் போனை வாங்கி வைத்தாள். இப்போது இரண்டு பேரும் முதலில் நாலு நாள் ஸ்கூபா பாடம் படிக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். படிக்கட்டும்.

தம்பி, உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். உன் கடையில் கயிறு இருக்கிறதா, இல்லையா, அதை மட்டும் எழுது. போன் பண்ணாதே, எனக்கு இப்போதெல்லாம் இடது காது சரியாகக் கேட்பதில்லை. எழுத்திலேயே போடு, எல்லோரும் படிக்கட்டும்.